இல்லத்துக்கேற்ற இரும்பு

ஒன்றாய் வரும் காவிரி முக்கொம்பில் இரண்டாய்ப் பிரிந்து, வடபால் கொள்ளிடமும் தென்பால் காவிரியுமாய்த் திருவரங்கத் தீவை அணைத்துச் செல்வதை நம் கல்லூரியிற் பயில்வோருள் காணாதார் சிலரே. விடுமுறை நாளில் ஆங்குச் சென்று, பூங்காவில் உலவி, வறுத்த மீன் வாங்கியுண்டு, மாலைப் பேருந்தில் மீள்வதோடு பலர்க்கும் அவ்விடத்துத் தொடர்பு முடிந்துவிடும். யாமோ அதற்கு ஒரு கல் தொலைவில், வாழைத்தோட்டங்களுக்கிடையே பிறந்து வளர்ந்தோம். ஆதலின் ஆற்றையும் அணையையும் பற்றியே எழுதுவோம் என்று இதழாசிரியர் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றைப் பாடுதற்குப் புலவர் பலர் உளர். யாம் எழுதப் புகுந்தது எம் வீட்டுத் திண்ணையை அடுத்த அறையில் நின்ற ஓர் இயந்திரத்தைப் பற்றியும், அதனால் எமக்குக் காலந்தாழ்ந்து வந்த அறிவைப் பற்றியுமே ஆகும்.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் பொருட்டு உடற்பயிற்சிக் கூடங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில், இளைஞர் பலர் தத்தம் வீட்டிலேயே பளுக்கருவிகளை வாங்கி வைக்கத் தலைப்பட்டனர். நோயின் அச்சம் நீங்கியும் அவ்வழக்கம் நீங்கவில்லை. திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் மட்டுமன்றி எம் சிற்றூர்ப் பக்கத்தும், மொட்டைமாடியிலோ மாடு ஒழிந்த கொட்டிலிலோ ஓர் இரும்புத் தண்டும் நாலு தட்டும் கிடக்கும் வீடுகளைக் காணலாம். இது நல்ல வழக்கமே. நகரத்துக் கூடத்துக்குப் போய் மீளப் பேருந்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் கழிக்கும் எம்போன்றார்க்கு இதனைவிட்டால் வேறு வழியும் இல்லை. ஆயின் எதனை வாங்குவது என்னும் இடத்திலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தவறியவருள் யாமும் ஒருவர் ஆதலின், பிறர் பிழையைச் சொல்லுமுன் எம் பிழையைச் சொல்லிவிடுதல் முறையாகும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டின் கோடையில், கைப்பேசியில் ஒரு விளம்பரம் கண்டோம். இயந்திரம் ஒன்று, அதிற் செய்யத்தக்க பயிற்சிகளோ இருபது. கம்பியை இழுத்தால் மார்பு விரியும், பலகையை உதைத்தால் தொடை திரளும் என்று ஓர் ஆடவர் வியர்வை துளியுமின்றிச் சிரித்துக்கொண்டே காட்டினார். விலை பதினெண்ணாயிரம் ரூபாய். பூவன் தார் விற்ற பணத்தில், தோட்டத்து மோட்டாரைப் பழுதுபார்க்கவென்று எம் தந்தையார் எடுத்து வைத்திருந்ததிலிருந்து அத்தொகையைத் தந்தார். "காலேஜுக்குப் போற பிள்ளை, உடம்பு தேறட்டும்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் அவ்வாண்டு முழுவதும் இருமிக்கொண்டே இருந்தது.

இவ்வகை மயக்கம் புதியதன்று. ஜெர்மானியப் பளுவீரர் யூஜின் சாண்டோ 1904, 1905ஆம் ஆண்டுகளில் இந்தியாவிற் சுற்றுப்பயணம் செய்தார். வில்சுருள் பொருத்திய கைப்பளுக்களையும் இழுக்கும் பட்டைகளையும் தம் பெயரால் அஞ்சல்வழி விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். அக்கருவிகள் எங்கே போயினவோ அறியோம்; கையில்லாப் பனியனுக்கு மட்டும் அவர் பெயர் நம் நாட்டில் நிலைத்துவிட்டது.

எம் இயந்திரம் மூன்று பெட்டிகளில் வந்தது. அதனைப் பூட்டி நிறுத்த இரண்டு நாள் ஆயின. நான்காம் மாதம் கம்பிவடம் பிய்ந்தது. அதற்கேற்ற உருளை எங்கும் கிடைக்கவில்லை. ஐப்பசி அடைமழையில் எம் அன்னையார் அதன் நான்கு கைகளிலும் துணி உலர்த்தத் தொடங்கினார். யாம் மறுக்கவில்லை. வந்த நாள்முதல் அஃது ஒருவர்க்கேனும் நாள்தோறும் பயன்பட்டது அப்போதுதான்.

அவ்வாண்டு மார்கழியில் எம் அப்பாயி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். வயது எழுபத்திரண்டு. எலும்பு முறியவில்லை. ஆயினும் விழுந்த இடத்திலிருந்து தாமாக எழ அவரால் இயலவில்லை. தந்தையார் தோட்டத்தில், அன்னையார் கடைத்தெருவில், யாம் கல்லூரியில். முக்கால் மணி நேரம் ஈரத்தரையிற் கிடந்திருக்கிறார். பரிசோதித்த மருத்துவர், "விழுந்தது பெரிதன்று; எழ முடியாமற் போனதே பெரிது; தசை மிகவும் குறைந்துவிட்டது" என்றார். வலி தணிந்தபின் கைதாங்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரப் பழக்குமாறும், சிறு பளு கொடுத்துக் கையையும் காலையும் வலுப்படுத்துமாறும் சொல்லியனுப்பினார். சிறு பளு! பதினெண்ணாயிரம் ரூபாய்க் கருவி ஒன்று வீட்டில் நின்றது. அதன் மிகச் சிறிய பளுவே ஐந்து கிலோ. எழுபத்திரண்டு வயதுப் பாட்டியின் கையிற் கொடுக்க அரைக்கிலோ இரும்பு அவ்வீட்டில் இல்லை என்றெண்ணி அன்று இரவு யாம் நாணியது போல் முன்னும் பின்னும் நாணியதில்லை. உண்மையில் அஃது இருந்தது; எங்கே என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

வீட்டுக்குப் பளுக்கருவி வாங்கப் புகுவார், எவ்வளவு பெரிய பளுவைத் தாங்கும் என்று வினவுகின்றனர். வினவவேண்டுவது, எவ்வளவு சிறிய பளுவிலிருந்து தொடங்கலாம், எவ்வளவு சிறிய படிகளாய் ஏற்றலாம் என்பதே. எம் கருத்து முழுவதும் இதனுள் அடங்கும்.

ஏன் எனின், வலிமை வளரும் வகை அத்தகையது. தசையானது தான் பழகிய சுமையினும் சற்று மிகுந்த சுமையைச் சந்திக்கும்போதே வளர்கிறது. பழகிய அளவிலேயே நின்றால் அதுவும் நின்றுவிடும். திடீரென்று மிகுத்தால் மூட்டும் நரம்பும் நொந்துபோகும். கிரேக்கருள் குரோத்தன் நகரத்து மைலோ என்னும் மல்லன், கன்றொன்றை நாள்தோறும் தோளிற் சுமந்து, அது காளையாய் வளர்ந்தபோதும் சுமந்தான் என்று ஒரு கதை வழங்கும். கதை எவ்வாறாயினும் அதன் கருத்துப் பழுதன்று. கன்று ஒரே இரவிற் காளையாவதில்லை. அதனை மருத்துவ முறையாக வகுத்தவர் தாமஸ் டெலோர்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப்போரிற் காயமுற்று முழங்கால் மெலிந்த வீரர்க்குப் பளுவைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கொடுத்து, அவர் வலிமை மீண்ட வகையை 1945இல் எழுதி வெளியிட்டார். முதியோர்க்கு இஃது ஆகாது என்பாரும் உளர். தொண்ணூறு வயதை ஒட்டிய சிலர் எட்டு வாரம் பளுப்பயிற்சி செய்து, கால்வலிமை இரட்டிப்புக்கு மேலாகப் பெற்ற செய்தி 1990இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் வகுத்த நெறிகளில், வளர்ந்தோர் யாவரும் வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வளர்ந்தோர் யாவரும் என்ற சொல்லில் நம் அப்பாயிமாரும் அன்னையரும் அடங்குவர் அன்றோ? வீட்டில் வைக்கும் கருவியை இளைஞன் ஒருவன் புயத்துக்கு மட்டும் அளந்து வாங்குதல் என்ன நியாயம்?

இங்கே நம் பழைய இளவட்டக்கல்லை நினைத்துக்கொள்கிறோம். தென்மாவட்டத்து ஊர்களில், வழவழப்பான உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்கு அப்பால் எறிந்த காளையே மணத்துக்கு உரியவன் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. இன்றும் பணகுடியை அடுத்த வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது அக்கல் தூக்கும் போட்டி நடைபெறுகிறது, பெண்டிரும் தூக்குகின்றனர். அதன் பெருமையை யாம் குறைத்துச் சொல்லோம். எனினும் ஒன்று கருதுக: கல்லுக்கு ஓர் எடையே உண்டு. தூக்கினால் தூக்கியவன், தூக்காவிடில் தூக்காதவன். இடையில் அரைக்கிலோ, ஒரு கிலோ என்று படிகள் அதில் இல்லை. ஆகவே இளவட்டக்கல் தேர்வாளரே அன்றி ஆசிரியர் அன்று. எம் இயந்திரமும், கடையில் விற்கும் பல தொகுதிகளும் இளவட்டக்கல்லின் வழித்தோன்றல்களே. வண்ணம் மட்டும் பூசியிருக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தண்டும் சில தட்டுகளுமாய்க் கட்டி விற்கும் தொகுதிகளில் மிகச் சிறிய தட்டுப் பெரும்பாலும் இரண்டரைக் கிலோவாக இருக்கும். தண்டின் இருபுறமும் ஒத்த எடை வேண்டும் ஆதலின், ஒருமுறை ஏற்றினால் ஐந்து கிலோ ஏறும். இருபது கிலோ தூக்குவான் ஒருவனுக்கு இது நாலில் ஒரு பங்கு. பத்துக் கிலோ தூக்கும் எம் அன்னையார்க்கோ பாதி. தோட்டத்தில் நான்கு தார் சுமப்பவரை நாளை முதல் ஐந்து சுமக்கச் சொல்லிப் பாருங்கள். என்ன மறுமொழி வரும் என்பதை இவ்விதழில் அச்சிட இயலாது. பயிற்சியோ அம்மறுமொழியைச் சொல்வதில்லை. தோள்மூட்டு வலியாகச் சொல்கிறது. அதன்பின் தண்டு சுவரோரம் சாய்ந்துவிடுகிறது. சோம்பலால் விட்டான் என்று பிறர் பேசுவர். பலர் விட்டது சோம்பலால் அன்று; அடுத்த படி எட்டாமையால்.

மிகப் பெரிய வீரரும் இச்சிறு படியை இகழ்வதில்லை. நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோப் பிரிவில் 149, 179 ஆக மொத்தம் 328 கிலோ தூக்கிப் பொற்பதக்கம் கொண்டார், 2018இலும் கொண்டார். அவர் தந்தையாரும் முன்னாட் பளுவீரரே. அப்போட்டிகளில் பளு ஒரு கிலோ வித்தியாசத்தில் ஏற்றப்படும். அரைக்கிலோத் தட்டுகளும் மேடையருகே அடுக்கியிருக்கும். நூற்று எழுபது கிலோவுக்கு மேல் தலைக்கு உயர்த்துவார்க்கே ஒரு கிலோ பொருட்டாயின், பத்தும் இருபதும் தூக்கும் நமக்கு எத்துணைப் பொருட்டாதல் வேண்டும்! ஆகவே தண்டு வாங்கும் அன்றே அரைக்கிலோ, ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோத் தட்டுகளில் இவ்விரண்டு வாங்குக. கடைக்காரர் நகைப்பார்; நகைக்கட்டும். எம்மைக் கண்டு நகைத்த ஒருவர், குழந்தைக்கா என்று வினவினார். பாட்டிக்கு என்றோம்.

தண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். போட்டிகளில் ஆடவர்க்குரிய தண்டு 20 கிலோ எடையும் 2.2 மீட்டர் நீளமும் உடையது. மகளிர்க்குரியது 15 கிலோ, நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். தட்டு ஏறும் முனையின் விட்டம் 50 மில்லிமீட்டர். வீட்டுக்கென விற்கும் தண்டுகள் இதனினும் மெல்லியன. அவற்றின் தட்டுத் துளை ஏறத்தாழ ஓர் அங்குலம். இரண்டனுள் எதனையும் கொள்ளலாம். ஒன்றைக் கொண்டபின் மற்றதன் தட்டை வாங்கினால் பொருந்தாது. இவ்வெளிய செய்தியை அறியாது நண்பர் ஒருவர் வாங்கிய நாலு தட்டு இன்றும் அவர் வீட்டுக் கதவுகளுக்குத் தாங்கலாய் உதவுகின்றன. அறையையும் அளந்துகொள்க. திருவரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் உள்ள பழைய வீடுகள் நீண்டு குறுகியவை. ஏழடி அகல அறைக்குள் 2.2 மீட்டர்த் தண்டு குறுக்கே நில்லாது. அத்தகைய வீட்டுக்கு ஐந்தடித் தண்டும், தட்டு மாற்றத்தக்க இரண்டு கைத்தண்டுகளும் போதும். கைத்தண்டே மேல் என்பதும் எம் எண்ணம். மல்லாந்து படுத்துப் பளு உயர்த்துங்கால், துணையின்றித் தனித்திருப்பவன் கை சோர்ந்தால் நீண்ட தண்டு கழுத்தின்மேல் விழும். கைத்தண்டுகளைப் பக்கத்தே இறக்கிவிடலாம். நீண்ட தண்டையே விரும்புவோர், மார்புமட்டத்தில் தடுத்து நிறுத்தும் குறுக்குக் கைகளோடு கூடிய தாங்கி இன்றித் தனியே படுத்தல் ஆகாது. இதில் யாம் வேடிக்கை பேசவில்லை.

அத்தாங்கியை வடநாட்டிலிருந்து வருவிக்கவேண்டுவதும் இல்லை. பொன்மலையில் 1928 முதல் இரயில்வே பணிமனை நடக்கும் ஊர் நம் ஊர். திருவெறும்பூரில் மிகுமின் ஆலை தோன்றிய 1960கள் முதல் அதனைச் சூழ்ந்து எழுந்த வெல்டிங் பட்டறைகளுக்குக் கணக்கில்லை. கொதிகலத்துக்குக் குழாய் பற்றவைக்கும் கைகளுக்குப் பளுத்தாங்கி ஒன்று பற்றவைப்பது விளையாட்டு. அளவைத் தாளில் வரைந்து கொடுத்தால், தம் உயரத்துக்கும் தம் அறைக்கும் ஏற்பச் செய்து தருவர். தொங்கி மேலேறும் குறுக்குக்கம்பியையும் அவர்களிடமே செய்துகொள்க. வாயிற்கதவின் நிலையில் முறுக்கிப் பொருத்தும் கம்பியை நம்பற்க. கறையான் அரித்த நிலையோடு அது கையில் வந்துவிட்டதைக் கண்டிருக்கிறோம்.

தட்டுகளில் மூவகை உண்டு. வார்ப்பிரும்புத் தட்டு நெடுநாள் உழைக்கும். ஆயின் ஆற்றங்கரை ஈரத்தில் துருவேறும். வாரம் ஒருமுறை எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்தால் அத்துருவும் அஞ்சும். இரும்பின்மேல் இரப்பர் போர்த்தது தரைக்கு நல்லது; விலை சற்று ஏறும். பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமெண்டுக் கலவை நிரப்பியது மலிவு. பருமன் மிகுதி ஆதலின் தண்டில் இடம் போதாது. கைதவறி விழுந்தால் விண்டுவிடும். சிவப்புச் சிமெண்டுத் தரையுள்ள வீட்டார் கனத்த இரப்பர் விரிப்பு இன்றி இரும்பைத் தரையில் வைக்கவேண்டா. தரையின் விள்ளலுக்கு மருந்தில்லை. எவ்வகையாயினும் வாங்குமுன் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஐந்து என்று வார்த்திருப்பதனாலேயே ஒரு தட்டு ஐந்து கிலோ ஆகிவிடாது. இரும்பு கிலோக் கணக்கிலேதான் விற்கப்படுகிறது. கத்திரிக்காயை நிறுத்து வாங்கும் நாம் இரும்பை நம்பி வாங்குவது விந்தை.

கர்லாக்கட்டையை விட்டுவிட்டீரே என்று சிலர் வெகுளக்கூடும். விடவில்லை. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் கருவியே வேண்டா. கர்லாவுக்கு ஒரு கட்டை போதும். தோளை நாற்றிசையும் சுழலச்செய்வதில் அதற்கு நிகராக இரும்பில் ஒன்றும் இல்லை. ஆங்கிலப் படையினர் இந்நாட்டில் அதனைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து அமெரிக்காவும் சென்று, 1904இலும் 1932இலும் ஒலிம்பிக் பந்தயமாகவே அது நடந்தது. 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்த ஹாரி குரோ பக் அவர்கள், மேல்நாட்டு ஆட்டங்களோடு இந்நாட்டுப் பயிற்சிகளுக்கும் இடமளித்தவர் என்பர். ஆயின் கர்லாவும் ஒரே எடையுடைய கட்டைதான். கடைசல்காரரிடம் சொல்லி இரண்டு கிலோவில் ஓர் இணையும், நாலு கிலோவில் ஓர் இணையும் கடைந்து வைத்துக்கொண்டால் குறை நீங்கும்.

இனி, வயலிலும் அடுக்களையிலும் உழைப்பார்க்குப் பளு எதற்கு என்னும் கேள்வி. எம் தந்தையாரே இதைக் கேட்டார். கேன் தண்ணீர் ஒன்று இருபது கிலோ. அரிசிச் சிப்பம் இருபத்தைந்து. நிறைந்த எரிவாயு உருளை ஏறக்குறைய முப்பது. இவற்றையெல்லாம் எம் அன்னையார் நகர்த்துகிறார், பயிற்சி என்று பெயரிடாமல். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் ஒன்பது பெயர்ந்து வெள்ளத்திற் போயின. பின்னர் உடைப்பை அடைக்க, மணல் மூட்டைகளைத் தோள்மாற்றித் தோள்மாற்றி அடுக்கிய தொழிலாளரைத் தொலைவில் நின்று கண்டபோது எமக்குப் பன்னிரண்டு வயது. அவருள் ஒருவரும் பயிற்சிக்கூடம் கண்டவராகத் தோன்றவில்லை. உழைப்பு வலிமை தரும் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். ஆயினும் உழைப்பு ஒரு பக்கமாகவே வலிமை தரும். வலத்தோளில் தார் சுமந்து சுமந்து ஒருபுறம் சாய்ந்து நடக்கும் முதியோர் எம் ஊரில் பலர். திருவரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டின்போது தோளுக்கினியானைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள் அடியெடுத்து வைக்கும் ஒழுங்கைப் பார்த்தவர் அறிவர், சுமப்பதிலும் இருபுறமும் ஒத்த பழக்கம் ஒரு கலை என்பதை. தோட்டத்தில் அக்கலைக்கு நேரம் ஏது? மேலும், உழைப்பு நமக்கேற்பப் பளுவைக் குறைத்துக் கொடுப்பதில்லை. நோயுற்று எழுந்தவர்க்கும் உருளை முப்பது கிலோவே. கிணற்றடி எம் அப்பாயிக்காக உலர்ந்திருக்கவில்லை. தந்தையார் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், மோட்டாருக்குப் போனது போக மிச்சம் இருந்தால் தண்டு வாங்கிக்கொள் என்றார்.

அரைக்கிலோ இரும்பு வீட்டில் இருந்தது என்றோம். எம் பாட்டனார் சிறு மளிகைக்கடை வைத்திருந்தவர். அவர் மறைந்தபின் கடை ஒழிந்தது. மின்தராசு வந்தபின் படிக்கற்களுக்கு வேலையும் ஒழிந்தது. மருத்துவரிடம் போய்வந்த மூன்றாம் நாள், யாம் நகரத்துக் கடைகளில் அரைக்கிலோத் தட்டுத் தேடி வெறுங்கையோடு மீண்டபோது, அப்பாயி கட்டிலில் இருந்தபடியே, "பரண்மேல தகர டப்பாவுல தாத்தாவோட படிக்கல் இருக்கும் பாரு தம்பி" என்றார். இருந்தன. இருநூறு கிராம், ஐந்நூறு, ஒரு கிலோ, இரண்டு கிலோ. அறுகோண இரும்புகள், முத்திரை தேய்ந்தும் எடை தேயாதவை. அன்னையார் பழைய சேலைத்தலைப்பில் கைப்பிடியோடு இரண்டு பைகள் தைத்தார். முதல் வாரம் இருநூறு கிராம். தை பிறந்தபோது ஐந்நூறு. இரண்டு கல் ஒன்றாய்ப் போட்டால் எழுநூறு என்று கூட்டிச் சொன்னவரும் அப்பாயியே. நாற்பது ஆண்டு தராசு பிடித்த வீட்டில் வாழ்ந்தவர் அன்றோ? கடைத் தொகுதியில் இல்லாத படிகள் அத்தகரப் பெட்டியில் இருந்தன.

இயந்திரத்தைப் பங்குனியில் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். கிடைத்த பணத்தில் ஐந்தடித் தண்டும் இரண்டு கைத்தண்டும் நாற்பது கிலோத் தட்டும் வாங்கினோம். போதாமைக்குத் தந்தையார் கொடுத்தார். சிறு தட்டுகளைப் பின்னர் ஒரு பட்டறையில் அறுத்துத் துளையிட்டு வாங்கினோம். அன்னையார் இப்போது பன்னிரண்டு கிலோ உயர்த்துகிறார். மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் நாற்காலியைப் போட்டு, கையூன்றாமல் பத்துமுறை எழுந்து அமர்கிறார் அப்பாயி; இருகையிலும் ஒரு கிலோ. பத்தாவது முறை எழும்போது மட்டும் எம்மை அருகில் நிற்கச் சொல்வார். துணி உலர்த்த இடமில்லை என்று அன்னையார் இன்னும் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.